சுனோக் அக்காவின் காருக்கு ஓர் இடம்

சுனோக் அக்காவுக்கு உட்காரத் தெரியாது. காலைக் கூட்டத்தில் நாங்கள் எல்லோரும் நாற்காலியில் அமர்ந்து மேலாளர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்போம். அவள் மட்டும் சுவரோரம் நின்று கார் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டிருப்பாள். மேலாளர் உட்காரச் சொன்னால், "உக்காந்தா எனக்குக் காது கேக்காது சார்" என்பாள்.

எங்கள் வேலை அவளுக்கென்றே அமைந்தது. நிறுவனம் வாடகைக்கு விட்டிருக்கும் குடிநீர்க் கருவிகளை வீடு வீடாகப் போய்த் திறந்து, கழுவி, வடிகட்டி மாற்றிவிட்டு வர வேண்டும். ஹல்லிம் துறைமுகத்தை ஒட்டிய தெருக்கள் எனக்கு. எங்கள் ஜேஜு தீவின் நடுவில் நிற்கும் மலையின் மேல்சரிவுப் பண்ணை வீடுகளும் தெற்குக் கடற்கரையும் அவளுக்கு. யாருக்கும் வேண்டாத அந்த நீண்ட வழித்தடத்தை அவளே கேட்டு வாங்கினாள். ஒரு வீட்டில் கைகழுவித் துடைப்பதற்குள் அடுத்த வீட்டுக்குப் போன் போட்டுவிடுவாள். கார்தான் அவளுக்கு வீடு, சமையலறை, அலுவலகம் எல்லாம். கிம்பாப் என்கிற சோற்று உருளையை இடது கையில் பிடித்துக் கடித்துக்கொண்டே வலது கையால் ஓட்டுவாள்.

அப்படிப்பட்டவளின் பழைய பெட்ரோல் கார் ஒரு மார்ச் மாத மூடுபனியில், மலைச்சாலையில் குதிரை மேய்ச்சல் நிலத்துக்குப் பக்கத்தில், புகையைக் கக்கிவிட்டு நின்றது. என்னைக் கூப்பிட்டாள். நான் போனபோது, மழைச்சட்டையின் தலைமறைப்பை இழுத்து விட்டுக்கொண்டு அந்தக் காரைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தாள்.

"மிரான், இவன் செத்துட்டான்டி. எனக்கு முன்னாடியே செத்துட்டான், துரோகி."

திரும்பும்போது என் காரில் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருந்தவள், ஒவ்வொரு வளைவிலும் இல்லாத பிரேக்கை மிதித்தாள். ஊர் எல்லை வருவதற்குள் முடிவு பண்ணிவிட்டாள்.

"அடுத்தது கரண்ட் வண்டிதான்."

அதற்குப் பிறகு ஊரே அவளுக்குப் புத்தி சொன்னது. எங்கள் தீவில் சுற்றுலாக்காரர்கள் வாடகைக்கு எடுத்து ஓட்டுவதில் பாதி மின்சாரக் கார்கள்தான். அதனால் அதில் ஏறாதவர்களுக்குக்கூட அதைப் பற்றி ஓர் அபிப்பிராயம் உண்டு. மீன் சந்தையில் வாளைமீன் விற்பவள், "மழையில ஷாக் அடிக்குமாம்க்கா" என்றாள். பெட்ரோல் நிலையத்தில் எண்ணெய் அடிப்பவர், "குளிர் வந்தா பாதி தூரத்துல படுத்துக்கும். அப்ப என்கிட்ட வராதீங்க, என்கிட்ட பெட்ரோல்தான் இருக்கு" என்று சிரித்தார். அவள் கணவர் தேபோ அண்ணன் ஆரஞ்சுப் பழங்களைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்கும் கூட்டுறவுக் கிடங்கில் வேலை பார்ப்பவர். வேலை முடிந்தால் சோபா, சோபாவை விட்டால் வேலை. அவர் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"அது காரே இல்ல. போனுக்குச் சக்கரம் வச்சிருக்கான். உன் போனே ரெண்டு வருஷத்துல உசுர விடுது."

"போன நீ படுத்துக்கிட்டே பாக்குற. நான் இத ஓட்டப்போறேன்."

"ஓட்டு, ஓட்டு. தள்ளுறதுக்கு மட்டும் என்னைக் கூப்பிடாத."

என் தங்கை வீட்டுக்காரர் முன்பே மின்சாரக் கார் வைத்திருந்ததால் எனக்குக் கொஞ்சம் விஷயம் தெரியும். வெயில் சுள்ளென்று அடித்த ஒரு மதியம் வாங்கப் போகும்போது நானும் கூடப் போனேன். விமான நிலையத்துக்குப் பின்னால், வாடகைக்கு ஓடி ஓய்ந்த கார்களை விற்கும் மைதானம். ஹியோன் என்ற இளைஞன் விற்பனை பார்த்தான். அக்கா முதலில் கண்ணில் பட்ட வெள்ளைக் காரின் கதவைத் திறந்து மூடி, "இது போதும்" என்றாள். நாங்கள் வந்து இறங்கி ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.

"இருங்கக்கா. பேட்டரி எப்படி இருக்குன்னு கேளுங்க."

"தம்பி, பேட்டரி நல்லா இருக்கா?"

"ரொம்ப நல்லா இருக்கு அம்மா."

"நல்லா இருக்காம்டி."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். சோதனை எந்திரத்தில் பார்த்த முடிவைக் காட்டச் சொன்னேன். ஹியோன் தயங்கிக் காட்டினான். வெள்ளைக் கார் புதிதாக இருந்தபோது எவ்வளவு தாங்கியதோ அதில் ஐந்தில் ஒரு பங்கு போயிருந்தது. வேகச் சார்ஜ் செருகும் துளையின் விளிம்பு தேய்ந்து பல்லிளித்தது. சுற்றுலாக்காரர்கள் அவசர அவசரமாகச் செருகிப் பிடுங்கியதன் அடையாளம். பக்கத்தில் நீலநிறத்தில் ஒன்று நின்றது. அது ஏதோ ஓர் அலுவலகம் வாடகைக்கு எடுத்து ஓட்டியது. ராத்திரி முழுக்க மெதுவாகச் சார்ஜ் ஏறிப் பழகியது. அதன் பேட்டரி திடமாக இருந்தது.

"இத ஓட்டிப் பாக்கலாம். ஆனா ஊருக்குள்ள வேண்டாம். ஹீட்டரப் போட்டு மலை மேல ஏத்துங்க" என்றேன்.

"ஏண்டி, இப்பவா? வெக்கையா இருக்கே."

"டிசம்பர்ல வெக்கையா இருக்காதுக்கா."

ஹியோன் பின்னிருக்கையில் வியர்த்தபடி வந்தான். ஏற ஏறத் திரையில் எண் சரிந்தது. அக்காவின் முகமும் அதோடு சரிந்தது. உச்சிச் சாலையில் திரும்பி இறங்கியபோது எண் மெல்ல மறுபடி ஏறியதைப் பார்த்து, ஸ்டியரிங்கைத் தட்டிக் கத்தினாள்.

"ஏறும்போது குடிச்சத இறங்கும்போது திருப்பிக் குடுக்குதே! எங்க வீட்டு ஆளு குடிச்சத எப்பவாவது திருப்பிக் குடுத்திருக்காரா?"

ஹியோன் சிரித்த சிரிப்பில் விலையிலும் கொஞ்சம் குறைத்தான். நீலக் கார் அவளுடையது ஆனது.

நிம்மதி வந்ததா என்றால், இல்லை. பெட்ரோல் கார் வைத்திருந்தபோது அவள் எண்ணெய் முள்ளைப் பார்த்ததே கிடையாது. இப்போது கண் சாலையில் பாதி, திரையில் பாதி. அவர்கள் குடியிருந்தது கடலைப் பார்த்த எட்டு மாடிக் குடியிருப்பு. அதன் அடித்தள நிறுத்துமிடத்தில் கார்களுக்குச் சார்ஜ் போடும் மூன்று மின்னேற்றிகள். வீட்டுக்கு வந்ததும் செருகுவாள். தூங்கப் போகுமுன் இறங்கிப் போய்ப் பார்ப்பாள். காலையில் நூறு காட்டவில்லையென்றால் அன்று முழுக்க ஏதோ கடன் வாங்கியவள் போல இருப்பாள். தினமும் நூறு வரை ஏற்றத் தேவையில்லை, எண்பது போதும், அதுதான் பேட்டரிக்கும் நல்லது என்று நான் எத்தனையோ முறை சொன்னேன்.

"எண்பதுன்னா இருபது குறையுதுல்ல?"

"நீங்க ஒரு நாளைக்கு ஓட்டுறதுக்கு அறுபதே போதும்க்கா."

"நடுவுல யாராவது கூப்பிட்டா?"

குளிர்காலத்தில் அவளோடு பயணம் செய்தவர்கள் பாவம். சார்ஜ் குறைந்துவிடும் என்று ஹீட்டரைப் போடமாட்டாள். மடியில் கம்பளி, கழுத்தில் துண்டு, வாயில் ஆவி. ஒருநாள் ஜன்னலில் படிந்த பனியை நானும் அவளும் மாறி மாறிக் கையால் துடைத்துக்கொண்டே போனோம். இருக்கையைச் சூடாக்கும் பொத்தான் ஒன்று இருக்கிறது, அது கொஞ்சம்தான் தின்னும் என்று நான் காட்டிய பிறகுதான் அவளுக்கு உயிர் வந்தது. "இவ்ளோ நாளா இத ஏண்டி சொல்லல?" என்று என்னையே திட்டினாள்.

ஜனவரியில் இன்னொரு கூத்து. தொண்ணூறு சதவீதம் சார்ஜ் இருக்கிறது, கார் கதவே திறக்கவில்லை. அழாத குறையாக என்னைக் கூப்பிட்டாள். காப்பீட்டுக்காரர்கள் அனுப்பிய ஆள் வந்து பார்த்துவிட்டு, உள்ளே எல்லாக் காரிலும் இருக்கும் சின்ன பேட்டரி ஒன்று செத்துவிட்டதாகச் சொன்னார். பெரியது எவ்வளவு நிறைந்திருந்தாலும், எழுப்பிவிட அந்தச் சின்னது வேண்டுமாம்.

"எங்க ஆபீஸ் மாதிரி. மேலாளர் இருந்து என்ன, சாவி வச்சிருக்கிற வாட்ச்மேன் வரலன்னா எல்லாரும் வெளியதான்" என்றாள் அக்கா.

இப்படியே அவளும் காரும் ஒருவரையொருவர் பழகினார்கள். வசந்தம் வந்தபோது எண்பதில் நிறுத்தப் பழகிவிட்டாள். ஏறி முடிந்ததும் அடுத்தவருக்காக இடத்தைக் காலி பண்ணவும் பழகிவிட்டாள். நல்லபடியாகப் போகிறது என்று நினைத்தோம்.

அந்தக் கோடையில், கடலுக்கு அப்பால் ஒரு நகரத்தில், அடுக்குமாடி ஒன்றின் அடித்தளத்தில் நின்றிருந்த மின்சாரக் கார் தானாகப் பற்றிக்கொண்டது. தொலைக்காட்சியில் நாள் முழுக்க அதே படம்: கரும்புகை, உருகி வழிந்த கார்கள், இரவு உடையில் ஈரத் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவில் நிற்கும் குடும்பங்கள். நானும் பார்த்தேன். பயமாகத்தான் இருந்தது.

இரண்டு நாளில் அக்காவின் குடியிருப்பு மின்தூக்கியில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. மறு அறிவிப்பு வரும்வரை மின்சாரக் கார்கள் அடித்தளத்துக்குள் வரக்கூடாது, மின்னேற்றிகள் நிறுத்தப்படுகின்றன. கீழே குடியிருப்போர் சங்கத் தலைவர் ஓ பியோங்குக்கின் முத்திரை. ஓய்வுபெற்ற கப்பல்காரர். ஒரு சொல் சொன்னால் சொன்னதுதான். அந்த எட்டு மாடியிலும் மின்சாரக் கார் வைத்திருந்தது மொத்தம் நான்கு வீடுகள்.

தாளைவிட மனிதர்கள்தான் அவளை அதிகம் வதைத்தார்கள். துறைமுகப் பக்கம் என் பங்கு என்றாலும், அந்தக் கட்டடத்தில் மட்டும் பல வீடுகள் அவளுடைய வாடிக்கை. ஏழாவது மாடியில், சேரின் என்ற பிள்ளையின் அம்மா அவளுக்கு நெருங்கிய தோழி. கிம்ச்சி ஊறுகாய் போட்டால் ஒரு ஜாடி இவளுக்கு வரும். அவள் மின்தூக்கியில் இவளைக் கண்டதும் போனைப் பார்க்கத் தொடங்கினாள்.

"சேரின் அம்மா, அடுத்த வாரம் வடிகட்டி மாத்த வரட்டுமா?"

"பாக்கலாம்க்கா. எங்களுக்கே இப்ப எதுவும் நிலையா இல்ல."

"எதுவும்னா?"

"எங்க வீட்டுல ரெண்டு புள்ளைங்க இருக்குக்கா. உங்களுக்கு என்ன, உங்க பொண்ணு சியோல்ல இருக்கா."

அக்கா தன் மாடி வந்ததும் இறங்கிக்கொண்டாள். அன்று மாலை என்னிடம் இதைச் சொன்னபோது அழவில்லை, கத்தவில்லை. நடந்துகொண்டே இருந்தாள். துறைமுகச் சுவரின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை. நான் பின்னால் ஓட வேண்டியிருந்தது.

காரைக் கடலோரச் சாலையில் நிறுத்தினாள். உப்புக்காற்று படிந்து கண்ணாடி வெளுத்தது. சந்தைக்குப் பின்னால் மாற்றினாள். மீன் வண்டிகளுக்கு இடைஞ்சல் என்று விரட்டினார்கள். பள்ளிக்கூடத்துச் சுவரோரம் நிறுத்தினாள். யாரோ ஒரு பெற்றோர் கண்ணாடியில் சீட்டு வைத்தார்: தயவுசெய்து வேறு இடம் பாருங்கள். காசு கொடுத்து வேகச் சார்ஜ் போடும் இடங்களில் வரிசையில் நின்றாள். பொறுமையில்லாதவளுக்கு அதைவிடப் பெரிய தண்டனை இல்லை.

இதற்கெல்லாம் நடுவில் இன்னொன்று நடந்துகொண்டிருந்தது, எனக்கே பின்னால்தான் தெரிந்தது. அவளுக்கும் அந்தக் கார்மேல் பயம் வந்துவிட்டது. ஏறுவதற்கு முன் குனிந்து அடியில் மோந்து பார்ப்பாள். நிறுத்தினால் கையை வைத்துச் சூடு பார்ப்பாள். தேபோ அண்ணன் தூங்கும்போது எழுந்து ஜன்னல் வழியாக அது நிற்கும் திசையைப் பார்ப்பாள், வெளிச்சம் ஏதும் தெரிகிறதா என்று. ஒருநாள் ஹியோனைக் கூப்பிட்டு விற்றுவிடலாமா என்று கேட்டிருக்கிறாள்.

"அம்மா, இந்த வாரம் நீங்க எத்தனாவது ஆளு தெரியுமா? எல்லாரும் விக்கத்தான் வராங்க, வாங்க ஒருத்தரும் இல்ல. கொஞ்சம் பொறுங்க."

"எனக்கு அது மட்டும்தாண்டா வராது" என்று போனை வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் கடைசியில் புயல் எச்சரிக்கை வந்தது. தெற்கிலிருந்து நேராகத் தீவைப் பார்த்து வருகிறது என்றார்கள். துறைமுகத்தில் படகுகளை ஒன்றோடொன்று கட்டிப்போட்டார்கள். குடியிருப்பின் போன் குழுவில் தலைவர் ஓ செய்தி போட்டார்: எல்லா வாகனங்களையும் மாலைக்குள் அடித்தளத்துக்கு இறக்கிவிடவும். அடுத்த வரி: மின்சாரக் கார்கள் தவிர.

அக்கா சாவியை எடுத்தாள். ஊரில் இருந்த ஒரே பல அடுக்கு நிறுத்துமிடமும் நிறைந்துவிட்டது என்று ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தாள். எங்கே போகப்போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. கதவைத் திறந்தபோது தேபோ அண்ணன் சோபாவிலிருந்து எழுந்து காலுறை போட்டுக்கொண்டிருந்தார்.

"நீ எங்க?"

"உன்கூட."

அவர் அதுவரை அந்தக் காரில் ஒருமுறைகூட ஏறியதில்லை. அடம்பிடித்துக்கொண்டு வேலைக்குப் பேருந்தில்தான் போய்வந்தார். அன்று ஏறி, இருக்கை வாரைப் போட்டுக்கொண்டு, முட்டி மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி உட்கார்ந்தார்.

"கிடங்குக்குப் போ."

"ஆரஞ்சுக் கிடங்குக்கா? பூட்டியிருக்கும்."

"பழம் வர்றதுக்கு அக்டோபர் ஆகணும். உள்ள வெறும் பெட்டிதான் இருக்கு. மதியமே மேனேஜர்கிட்ட கேட்டுட்டேன். சாவி குடுத்துட்டாரு."

"மதியமேவா? சொல்லக்கூடாதா? நான் காலையில இருந்து செத்துக்கிட்டு இருக்கேன்!"

"நீ எங்க நின்ன, நான் சொல்றதுக்கு?"

காற்று பக்கவாட்டில் அறைய, மழை சாலையில் படுத்து ஓட, கருங்கல் வேலிகளுக்கு நடுவே ஊர்ந்து போனார்கள். தகரக் கதவைத் தேபோ அண்ணன் தோள்கொடுத்து நகர்த்தினார். உள்ளே ஏற்றி நிறுத்தியதும் காற்று இன்னும் கூடிவிட்டது. இனித் திரும்பிப் போக வழியில்லை. வெறும் பழப்பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்கள். அதாவது, அவர் உட்கார்ந்தார். அவள் காரைச் சுற்றி நடந்தாள். குனிந்து அடியில் மோந்து பார்த்தாள்.

"என்ன பண்ற?"

"ஒன்னுமில்ல."

"ரொம்ப நாளா இதத்தான் பண்றியா?"

கூரைத் தகரம் ஊளையிட்டது. அவள் நின்றாள்.

"எனக்குப் பயமா இருக்குய்யா. அவங்க சொல்றது பொய்யின்னு என்னால சொல்ல முடியல. எரியாதுன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? எனக்கு வடிகட்டி மாத்தத்தான் தெரியும்."

"எனக்கும் பயந்தான்."

"அப்புறம் ஏன் ஏறி வந்த?"

"பயமா இருந்ததாலதான். நீ மட்டும் தனியா இதுக்குள்ள உக்காந்து போறத நான் எப்படிப் பாத்துக்கிட்டு இருக்கிறது?"

அண்ணன் இதை என்னிடம் சொன்னபோது, "என்னமோ வாயில வந்துடுச்சு" என்று வெட்கப்பட்டார். அக்கா அவர் பக்கத்தில் ஒரு பெட்டியைப் போட்டு உட்கார்ந்தாளாம். கொஞ்ச நேரம்தான். பிறகு மறுபடி எழுந்து கதவு அடைப்பைச் சரிபார்க்கப் போய்விட்டாளாம்.

புயல் கடந்ததும் வேலை மறுபடி தொடங்கியது. அவள் பட்டியலில் அடுத்து நின்ற பெயர் தலைவர் ஓ. தரைத்தள வீடு. போகாமல் இருக்கலாமா என்று என்னைக் கேட்டாள். வேண்டுமானால் நான் போகிறேன் என்றேன். "வேண்டாம், பயந்துட்டான்னு நினைப்பாரு" என்று அவளே போனாள்.

கதவைத் திறந்த ஓ, எதுவும் பேசாமல் சமையலறையைக் காட்டினார். அவரோடு வாழும் தம்பி பியோங்ஜு பக்கவாதம் வந்து சில ஆண்டுகளாகப் படுக்கையில் இருப்பவர். முன்பெல்லாம் அவர் கட்டில் கூடத்தில் கிடக்கும். கோடைக்கு முன்பே, குளியலறைக்குப் பக்கம் என்று, சமையலறைக்கு அடுத்த அறைக்கு மாற்றியிருந்தார்கள். அக்கா கருவியைத் திறந்து குழாயைக் கழற்றும்போது, காலுக்குக் கீழே தடாரென்று ஒரு கார்க் கதவு சாத்தும் சத்தம். யாரோ இருமுவதுகூடக் கேட்டது. கீழே அடித்தளத்தில் இது எந்த இடம் என்று யோசித்தாள். தூண், சரிவுப்பாதை, சுவர். மூன்று மின்னேற்றிகளும் அந்தக் கட்டிலுக்கு நேர் கீழே இருந்தன.

கட்டிலிலிருந்து குழறிய குரல் வந்தது. "அக்கா... எரியிற வண்டி... உங்களுதா?"

"சும்மா இருடா" என்றார் ஓ. பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார்.

"புரிஞ்சுதா?"

"புரியுது தலைவரே."

"மத்தவங்க ஓடிடுவாங்க. இவன நான் தூக்கணும். எனக்கு முதுகு போயிடுச்சும்மா. அந்தச் செய்தியப் பாத்த நாள்ல இருந்து நான் தூங்கல."

"தாள் ஒட்டும்போதே இத நீங்க சொல்லியிருந்தா..."

"சொன்னா, தன் வீட்டுக்காக முத்திரை குத்துனான்னு சொல்லுவாங்க. நீயும் சொல்லாத."

அக்கா வடிகட்டியை மாற்றினாள். முதல் தண்ணீரைப் பிடித்துக் கொட்டிவிட்டு, இரண்டாவது தம்ளரைப் பியோங்ஜுவின் வாயருகே பிடித்துக் குடிக்கவைத்துவிட்டு வந்தாள்.

செப்டம்பரில் குடியிருப்போர் கூட்டம். "கூட வா. இல்லன்னா நடுவுலயே எந்திரிச்சு ஓடிடுவேன்" என்று என்னையும் இழுத்துப் போனாள். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ஐந்தாவது மாடியில் ஒரு பல் மருத்துவர், அவரிடமும் மின்சாரக் கார் உண்டு. போனைப் பார்த்துப் புள்ளிவிவரம் படித்தார். எந்த வகைக் கார் எத்தனை எரிகிறது, எத்தனை எரியவில்லை. அவர் படிக்கப் படிக்க எல்லோருக்கும் கோபம் ஏறியது.

"எங்கள முட்டாள்னு சொல்றீங்களா டாக்டர்?" என்றாள் சேரின் அம்மா.

"நான் கணக்குத்தான் சொல்றேன்."

"கணக்கு எங்க புள்ளைங்களக் கீழ தூக்கிட்டுப் போகுமா?"

சத்தம் கூடியது. ஓ மேசையைத் தட்டினார். அப்போது சுவரோரம் நின்றிருந்த அக்கா பேசினாள்.

"எனக்கும் பயந்தாங்க. தெனமும் கீழ குனிஞ்சு மோந்து பாக்குறேன். வித்துடலாம்னு கேட்டும் பாத்தேன், வாங்க ஆளில்ல. அதனால எரியாதுன்னு சொல்ல நான் வரல. நான் கேக்குறது ஒன்னுதான். அந்த மின்னேத்திய எல்லாம் ஏன் வீடுங்களுக்குக் கீழ வச்சாங்க? வெளிய குப்பை பிரிக்கிற கொட்டகைக்குப் பக்கத்துல திறந்த இடம் இருக்குல்ல? மேல வீடும் இல்ல, மரமும் இல்ல. அங்க மாத்துங்க. கூரை போடுங்க. அதுவரைக்கும் நாங்க உள்ள வரமாட்டோம், வெளியவே பாத்துக்கிறோம்."

"செலவு?" என்றது ஒரு குரல்.

"நாலு வீடும் அதிகமாப் போடுறோம்" என்றாள், மற்ற மூன்று வீட்டையும் கேட்காமலே. பல் மருத்துவர் போனில் கணக்குப் போடத் தொடங்கினார்.

"புயல் அடிச்சா?" என்றாள் சேரின் அம்மா.

"அடிச்சா எங்க நிறுத்தணும்னு எனக்குத் தெரியும் சேரின் அம்மா."

நான் ஓவைப் பார்த்தேன். தன் தம்பியைப் பற்றி அக்கா ஏதாவது சொல்லிவிடுவாளோ என்று அவர் கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. அவள் சொல்லவில்லை. அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "வாக்கெடுப்புக்கு விடலாம்" என்றார். கைகளை எண்ணினார்கள். சொற்ப வித்தியாசத்தில் நிறைவேறியது. கடைசியாகக் கை தூக்கியவர் அவர்தான்.

எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று சொல்ல ஆசைதான். மின்னேற்றியை இடம் மாற்ற அனுமதி, ஒப்பந்தக்காரர், மறுபடி அனுமதி என்று குளிர்காலம் முழுக்க இழுத்தது. அந்த மாதங்களில் நீலக் கார் கிடங்குக்கு வெளியே, ஆரஞ்சு லாரிகளுக்கு நடுவே நின்றது. காலையில் அக்கா கணவரைக் கொண்டுபோய் விட்டுவிட்டு அங்கிருந்து வேலைக்குப் போவாள் என்று சொல்ல முடியாது. கார் இருந்ததே அங்கேதான். இருவரும் ஒரே பேருந்தில் போய், அவர் உள்ளே போக, அவள் காரை எடுத்துக்கொண்டு கிளம்புவாள். பேருந்தில் அண்ணன் தூங்குவார், அவள் நின்றுகொண்டு வருவாள். சேரின் அம்மா கடைசியில் வாடகைக் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு நிறுவனத்துக்கு மாறிவிட்டாள். கிம்ச்சி ஜாடி வரவே இல்லை. மின்தூக்கியில் வணக்கம் சொல்லிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

வசந்தத்தில் கொட்டகைக்குப் பக்கத்தில் மின்னேற்றிகள் வந்தன. கீழே மோந்து பார்ப்பது நின்றுவிட்டதா என்று கேட்டேன். "குறைஞ்சிருக்கு" என்றாள். டயர் பழைய காரைவிடச் சீக்கிரம் தேய்கிறது, வண்டியின் கனம் அப்படி என்று புதிதாக ஒரு கவலை பிடித்திருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் யாராவது மின்சாரக் கார் வாங்கப் போவதாகச் சொன்னால் அக்காவிடம் அனுப்புகிறார்கள். அவள் எத்தனை தூரம் ஓடும் என்று சொல்லத் தொடங்குவதில்லை. "ராத்திரி எங்க நிறுத்துவ? அதுக்கு மேல யாரு தூங்குறாங்க? அவங்கள கேட்டியா?" என்று ஆரம்பிக்கிறாள். பாதிப் பேர் அதோடு ஓடிவிடுகிறார்கள். மீதிப் பேரை ஹியோனின் மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறாள்.

மறுபடி குளிர்காலம் வந்துவிட்டது. இன்று மதியம் தெற்குக் கடற்கரையிலிருந்து கூப்பிட்டாள். வேகச் சார்ஜ் போட்டுவிட்டுக் காரைச் சுற்றி நடக்கிறாள் என்பது அவள் மூச்சிலேயே தெரிந்தது. ஒரு பண்ணை வீட்டில் முள்ளங்கி நிறையக் கொடுத்துவிட்டார்களாம், எனக்குப் பாதி வேண்டுமா என்று கேட்டாள். வேண்டும் என்றேன். எப்போது வருவீர்கள் என்று கேட்பதற்குள்,

"வச்சிடறேண்டி, பின்னால ஒரு வாடகை வண்டி நிக்குது. பாவம், பசங்க குளிர்ல ஹீட்டர் போடாம உக்காந்திருக்குங்க. அந்த இருக்கைச் சூடு பொத்தானக் காட்டிட்டு வரேன்" என்று வைத்துவிட்டாள்.